அவசரப் பிரிவுக்கு வந்த கோடிச் சேலை

எங்கள் பக்கத்தில் யாரும் போனில் சாவதில்லை. மூச்சு நின்று, கண்ணை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டிய பிறகும் வெளியூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வா" என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவனுக்கும் விஷயம் புரிந்துவிடும். எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டான். போனை வைத்த கையோடு வெள்ளை வேட்டியைத் தேடுவான்.

தனியாகப் பஸ்ஸில் வருகிறவன் வழியிலேயே உடைந்துபோய்விடக் கூடாது என்கிற நல்ல மனசுதான் இதற்குக் காரணம். ஆனாலும் எனக்கு அந்த வழக்கத்தின் மேல் தீராத எரிச்சல் உண்டு. உண்மையிலேயே சீரியஸாகக் கிடக்கிறவர்களின் பக்கத்தில் உட்காருவதுதான் என் பிழைப்பு. அவர்களைப் பற்றி வீட்டுக்குச் சொல்ல எங்கள் ஊரில் ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லை.

நான் மனநல நர்ஸ். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பால்கோவா வாங்கி வரச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வேலையைச் சொன்னதும், "பைத்தியங்களோட எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. பைத்தியங்களோடு இருப்பது சுலபம், உங்களோடு இருப்பதுதான் கஷ்டம் என்று ஒரு கல்யாண வீட்டில் பதில் சொல்லிவிட்டு, சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அவசரப் பிரிவில் எல்லோரும் ஓடுவார்கள். நான் மட்டும் ஸ்டூலைத் தேடுவேன். யாராவது அதை எடுத்து மருந்து டிரேயை வைத்திருப்பார்கள். அதற்காகத் தினமும் ஒரு சண்டை. கூட வேலை பார்க்கிறவர்கள் எனக்கு ஊசி போடாத சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் யாரோ பேசுகிறார்கள் என்று அலறுகிறவனை வேட்டியால் கட்டித் தூக்கி வருவார்கள். குடியைத் திடீரென்று நிறுத்திவிட்டுக் கை கால் உதறுகிறவனைக் கொண்டுவருவார்கள். சண்டைக்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு விறைத்துப்போன மருமகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "நடிக்கா சிஸ்டர்" என்பார்கள். பிறகு, சாகப் பார்த்தவர்கள். அவர்கள்தான் அதிகம்.

உயிரைப் பிடித்து நிறுத்துவது டாக்டர்களின் வேலை, அதை அவர்கள் நன்றாகவே செய்வார்கள். எங்கள் இளைய டாக்டர் ஒருவர் கையைக் கழுவிக்கொண்டே, "வயித்த நான் கழுவிட்டேன் சிஸ்டர், மனச நீங்க கழுவுங்க" என்பார். "மனசு என்ன சட்டியா சார், கழுவிக் கவுத்த?" என்று நானும் சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு வீட்டார் ஆரம்பிப்பார்கள். பிள்ளையை நினைச்சுப் பார்த்தியா, எங்க மானத்தை நினைச்சுப் பார்த்தியா என்று சுற்றி நின்று கேட்பார்கள். எல்லோரையும் வெளியே அனுப்புவதுதான் நான் செய்கிற முதல் சிகிச்சை.

நான் ஏன் என்று கேட்பதில்லை. ஏன் என்கிற கேள்விக்கு அந்தக் கட்டிலில் கிடப்பவரிடம் பதில் இருக்காது, இருந்தாலும் அது குற்றவாளியின் பதிலாகத்தான் வரும். அன்றைக்குக் காலையில் என்ன சமைத்தாய், என்ன சாப்பிட்டாய் என்றுதான் தொடங்குவேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன்: இங்கிருந்து போகும்போது உன்னைக் கூட்டிப்போக யார் வர வேண்டும்? அந்தப் பதிலில்தான் அவர்கள் பிழைப்பார்களா மாட்டார்களா என்பது பெரும்பாலும் இருக்கும்.

ஒரு மாசி மாதக் காலையில் நான் வேலைக்குப் போனபோது ஓரத்துக் கட்டிலில் அவள் கிடந்தாள். முப்பது வயது இருக்கலாம். முந்தின நாள் மருந்து குடித்துவிட்டு வந்தவள், கண்டம் தாண்டிவிட்டாள் என்று சொன்னார்கள். யாரோடும் பேசவில்லை. கையில் ஊசி குத்தியிருந்த இடத்தில் சுற்றியிருந்த வலைத்துணியை மறுகையால் நிமிண்டிக்கொண்டே இருந்தாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா, அவுந்துரும்" என்றேன்.

"எங்க தறித் துணி மாதிரி இருக்கு" என்றாள்.

காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேட்டேன். புளிச்சாறும், பிள்ளைக்கு முட்டையும் என்றாள். பிள்ளை சாப்பிட்டதா என்றேன். "சாப்பிட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் போச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் கோணி, அழுகை வந்துவிட்டது. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொண்டேன்.

அவள் பிறந்தது கூமாப்பட்டி. அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட, அண்ணன்தான் வளர்த்திருக்கிறார். மில் வேனில் ராஜபாளையத்துக்கு வேலைக்கு வந்துபோன காலத்தில், கூட வேலை பார்த்த சோழபுரத்துக்காரனை வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டாள். செய்தி போன அன்றைக்கு அண்ணன் ஊர் நடுவில் நின்று, "இனி நான் அவ வாசல மிதிச்சா அது கோடி போடத்தான்" என்று சொல்லிவிட்டாராம். கல்யாணமாகிப்போன பெண் இறந்துவிட்டால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை எடுத்துவந்து உடம்பின்மேல் போர்த்துவார்கள். அதுதான் கோடி. அது வந்து சேராமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு எடுக்க மாட்டார்கள்.

சொன்னபடியே அந்த மனிதர் இருந்துவிட்டார். பொங்கலுக்குச் சீர் வரவில்லை. பிள்ளைக்குக் காது குத்தும்போது உட்காரவைக்கத் தாய்மாமன் மடி இல்லை. புருஷனின் சிநேகிதன் ஒருவன் மடியில் வைத்துக் குத்தினார்கள். மாமியாருக்கு அது வாய்க்கு ருசியான பேச்சாகிவிட்டது. மாமன் இல்லாத பிள்ளை என்று பேத்தியைக் கூப்பிடுகிற அளவுக்கு.

அதனால்தானா என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு காரணத்துக்காக யாரும் இந்தக் கட்டிலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவள் மாதக்கணக்கில் தூங்கவில்லை. சோறு மண்ணாக இருந்தது. தறி ஓடுகிற சத்தத்திலும் நின்றபடி அழுதிருக்கிறாள். அது ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோம்பேறித்தனம் என்று மாமியார் சொன்னாள், புருஷன் மறுத்துப் பேசவில்லை. கெட்டவன் இல்லை அவன். பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

என் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். யார் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்?

"அண்ணன்" என்றாள். அப்புறம் தலையை ஆட்டினாள். "அவன் வர மாட்டான் சிஸ்டர். செத்தாத்தான் வருவான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபப்படக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "செத்த பொறவு வந்தா உனக்கென்ன தாயி? அவர் வந்து நிக்கிறத நீயா பார்க்கப் போற? யாருக்காக அந்த வரவு?" என்று கேட்டுவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இப்படி அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

வெளியே வந்து புருஷனிடம், கூமாப்பட்டிக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். அவனுக்கு மச்சானிடம் பேசப் பயம். கூட வந்த ஆளிடம் போனைக் கொடுத்தான். அந்த ஆள் உள்ளதை உள்ளபடி சொன்னான்: "உங்க தங்கச்சிக்கு சீரியஸா இருக்கு. ஆஸ்பத்திரில இருக்கா. கிளம்பி வாங்க."

மத்தியானம் வாட்ச்மேன் என்னைத் தேடி வந்தார். முகமே சரியில்லை. "சிஸ்டர், உங்க பேஷண்டப் பார்க்க ஆளுக வந்திருக்காக. மாலையோட வந்திருக்காக" என்றார்.

வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெண்கள் இறங்கும்போதே தலையை விரித்துப்போட்டு அழுதுகொண்டு இறங்கியிருக்கிறார்கள். கையில் மாலையைப் பார்த்ததும் வாட்ச்மேன் தன் வழக்கப்படி, "பின்னாடி போங்க" என்று பிணவறைக்கு வழி காட்டியிருக்கிறார். அங்கே அப்படி யாரும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் போனபோது அந்தக் கூட்டம் ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில், எங்கே போய் அழுவது என்று தெரியாமல் நின்றது. நடுவில் அண்ணன். நல்ல உயரம், காட்டு வேலை பார்த்துக் கறுத்த உடம்பு. கக்கத்தில் ஜவுளிக்கடைக் கவர்.

"அவங்க உயிரோட இருக்காங்க" என்றேன்.

அழுகை அப்படியே நின்றது. ஒரு பெண் எடுத்த மூச்சை விடாமல் என்னைப் பார்த்தாள். அண்ணன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். அந்த அழுகையைப் பார்த்தபோது, இந்த மனிதர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று முழுதாக நம்பினேன்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து துண்டை உதறினார். முகம் மாறிவிட்டிருந்தது. "அப்பொ என்னத்துக்குய்யா எங்கள வரச் சொன்னீக?" என்று புருஷனைப் பார்த்துப் பாய்ந்தார். "சீரியஸ்னு சொன்னா நாங்க என்னன்னு நெனைக்கிறது? சீரியஸ்னா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதா?"

"சீரியஸ்னா சீரியஸ்னுதான் அர்த்தம்!" என்று நான் போட்ட சத்தம் வார்டுக்குள் வரை கேட்டிருக்கும். "உயிர் இருக்குன்னு அர்த்தம். ஓடி வந்தா பார்க்கலாம்னு அர்த்தம். நீங்களா ஏன் கொன்னு போடுறீங்க?"

அவர் குரல் இறங்கியது. "கோடி போடத்தான் மிதிப்பேன்னு சொன்னவன் நர்ஸம்மா. ஊரே கேட்டுச்சு. இப்ப இவுக முன்னால எப்படி உள்ள போறது?"

இவர்களுடைய வீம்பை உடைக்க முடியாது, வளைக்கத்தான் முடியும். "கோடியைத்தான் கொண்டாந்துட்டீங்களே, வாக்குல என்ன குறை? அதுவும் இது அவ வாசல் இல்ல. ஆஸ்பத்திரி வாசல். மாலையைக் கொடுத்துட்டு நீங்க மட்டும் வாங்க" என்றேன். மாலையை யாரிடமோ கொடுத்தார். கவரைக் கொடுக்க மறந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கக்கத்தில் இருந்த கவரைப் பார்த்தாள். வெளியே கேட்ட ஒப்பாரியும் அவள் காதில் விழுந்திருக்கும். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சாகப் பார்த்துப் பிழைத்தவளின் முன்னால் பிணத்துக்கு எடுத்த சேலை வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்தப் படிப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"எனக்கா அண்ணே?" என்றாள்.

அவர் கவரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன கலர்?"

அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"காட்டேன். எனக்குத்தானே எடுத்த?"

நான் குறுக்கே போக நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக் கவரைப் பார்க்கிற சின்னப் பெண்ணின் ஆசை அந்த முகத்தில் இருந்தது. எழ முடியாமல் கையை மட்டும் நீட்டினாள். அவர் கொடுத்தார். அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட சேலை. அவள் கரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்குக்கூட நீ எனக்கு ஒரு சேலை எடுத்துத் தரலையே" என்றாள்.

அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, அதத் தொடாத. குடுத்துரு. கொண்டுபோய் எரிச்சுப் போடுதேன்" என்று அழுதார். அவள் தரவில்லை. சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எடுத்தது. எனக்குத்தான்" என்றாள். அந்த வார்டில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மருந்து எடுக்கப்போவது போல வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன். தலையை அசைத்தார். அது சரி என்பதா இல்லை என்பதா என்று தெரியவில்லை. கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "ஊர்ல அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வாரதுன்னா வரட்டும். நான் வந்து அழைக்க மாட்டேன்" என்றார். எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"அழைக்காம எப்படி சிஸ்டர் போறது?" என்றாள் அவள். "வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே போறேன்."

அண்ணனுக்கேற்ற தங்கச்சி. எனக்கு இரண்டு பேரையும் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

அவள் சோழபுரத்துக்கே போனாள். போவதற்கு முன்னால் புருஷனை உட்காரவைத்துப் பேசினேன். மாத்திரையை அவன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவளைத் தனியே விடக் கூடாது, மாமியாரின் வாயை அவன்தான் அடைக்க வேண்டும் என்றேன். நல்லவேளை, கேட்டான். தவறாமல் மருந்து வாங்க வந்தார்கள். மெல்ல அவளுக்குத் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது, முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஒரு தடவை அந்த அரக்குச் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடியை யாராவது கட்டுவார்களா?

"அண்ணன் எடுத்துக் குடுத்தது சிஸ்டர், கட்டாம என்ன செய்ய?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதக் கட்டுனா எங்க அத்தை எதிர்ல வாரதே இல்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அண்ணனுக்கு அவ்வப்போது நான் போன் போடுவேன். அது என் வேலை இல்லை, இருந்தாலும் போடுவேன். மாத்திரை ஒழுங்கா திங்காளா, தூங்குதாளா, பிள்ளை எந்த வகுப்பு படிக்கு என்று எல்லாம் கேட்பார். நீங்களே அவளிடம் கேட்கலாமே என்றால், "வரட்டும்னு சொல்லிட்டேன்ல நர்ஸம்மா" என்பார். வரட்டும் என்று என்னிடம் சொல்லாதீர்கள், வா என்று அவளிடம் சொல்லுங்கள் என்பேன். "வரட்டும்" என்பார். அந்தப் பங்குனியும் போனது, அடுத்த பங்குனியும் போனது. கூமாப்பட்டியிலிருந்து வா என்கிற சொல் வரவே இல்லை.

பிறகு ஒரு நாள் பிற்பகல், வேலை முடிந்து நான் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் அவசரப் பிரிவுக்குள் ஓடி வந்தாள். அதே சேலை. ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பை, இன்னொரு கையில் சத்துமாவு டப்பா. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சிஸ்டர், அண்ணன இங்கதானே கொண்டாந்திருக்காக?"

"யாரும்மா சொன்னா?"

"சித்தப்பா மகன் போன் போட்டான். அண்ணனுக்கு சீரியஸா இருக்கு, கிளம்பி வான்னு." அவள் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. "வான்னு சொல்லிட்டாக சிஸ்டர். எங்க வீட்டுல இருந்து என்னைய வான்னு கூப்பிட்டுட்டாக."

எங்கள் வார்டில் அவர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த நர்ஸுக்குப் போன் போட்டேன். அங்கேயும் இல்லை. "உன்னை எங்கே வரச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நேரா வீட்டுக்கு வரச் சொன்னாக. சீரியஸ்னா ஆஸ்பத்திரிலதானே இருப்பான்னு நான்தான் இங்க வந்தேன்."

கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். உட்காரவைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். சுற்றி வளைக்காமல் நேர்ச்சொல்லில் சொல்ல வேண்டும். என் ஸ்டூலை இழுத்து, "செத்த நேரம் உட்காரு" என்றேன். "பஸ் போயிரும் சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுப் பின்னால வாரார்" என்று சொல்லிவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பழப்பை மடியில் இருந்தது. வழியெல்லாம் அண்ணனைப் பற்றியே பேசினாள். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து வத்திராயிருப்புச் சந்தைக்குக் கூட்டிப்போவாராம். ஆரஞ்சுச் சுளையை நாரெல்லாம் உரித்து, விதை எடுத்துத்தான் அவளுக்குக் கொடுப்பாராம். "இன்னைக்கு நான் உரிச்சுக் குடுக்கப் போறேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பக்கத்து சீட்டில் ஒருவர் செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு குழந்தை எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"போன உடனே ஏன் இம்புட்டு நாளா என்னைய கூப்பிடலன்னு கேக்க மாட்டேன் சிஸ்டர்" என்றாள். "நீங்க ஏன்னு கேக்க மாட்டீகள்ல. காலையில என்ன சாப்பிட்டேன்னுதான் கேப்பேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். அங்கிருந்து என் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். கூமாப்பட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஏறினாள், நானும் ஏறினேன். "உங்க வீடு இங்கதானே சிஸ்டர்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் இன்னும் வரவில்லை. இதற்கு மேல் தள்ள எனக்கு மனசு இடம் கொடுக்கவில்லை. அந்த வாசலில் போய் இறங்கி, பந்தலைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"நான் சொல்றதக் கேளும்மா. உங்க அண்ணன் இறந்துபோயிருப்பாருன்னு நெனைக்கிறேன். எந்த ஆஸ்பத்திரியிலயும் அவர் இல்ல. வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நம்ம பக்கத்துல சீரியஸ்னு போன் வந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கும் தெரியும்."

அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பொறுமையாகப் பார்த்தாள்.

"எனக்கும் அப்படித்தானே சிஸ்டர் சொன்னாக. நான் உயிரோடதானே இருந்தேன்?"

நான் அவள் கையை விடவில்லை.

"நீங்கதானே அன்னைக்கு வாசல்ல நின்னு சத்தம் போட்டீக, சீரியஸ்னா சீரியஸ்னுதான் அர்த்தம்னு. ஓடி வந்தா பார்க்கலாம்னு அர்த்தம்னு. எனக்கு உள்ள கேட்டுச்சு" என்றாள்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் என் கைக்குள் இருந்த அவள் கை என்னை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் வலிக்கிற அளவுக்கு. டிரைவர் ஏறி வண்டியை எடுத்தார். மடியிலிருந்த பழப்பை சரியாமல் அவள் மறுகையால் அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் வந்ததும், கூமாப்பட்டிக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.